“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”: கட்டட வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடம் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தேன். பிறகு பாதுகாப்புப் பயிற்சி முடித்து, இப்போது சைட்டில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். காலையில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசும் பத்து நிமிடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, கைகால் கழுவும் இடத்தில்தான் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து ஆரம்பிப்பார். பத்துப் பேர் தனித்தனியாக வந்து கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சட்டம் வரும் இடங்களில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளைச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வேலை பார்க்கும் நாடு அவற்றை ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறையிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

புது சைட்டுக்கு நாளைக்கு முதல் நாள் போறேன். என்ன கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?

கூலி எவ்வளவு, எந்த நாளில் கைக்கு வரும், யார் கொடுப்பார் என்பதை முதலில் கேளுங்கள். மேஸ்திரி பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அவருக்கு வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் பெயரும், கட்டடத்தின் முதன்மை நிறுவனத்தின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். கூலி பாக்கி விழும்போது இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது, அடிபட்டால் யாரிடம் சொல்வது, முதலுதவிப் பெட்டி எங்கே, குடிதண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்று கேளுங்கள். சைட்டின் முகவரியை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவருக்கு இடத்தின் பெயர் சொல்லத் தெரியாமல் நேரம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெல்மெட் போட்டா தலை வேகுது. நான் கீழதானே வேலை பாக்குறேன், எனக்கு எதுக்கு?

கீழே இருப்பவருக்குத்தான் முதல் தேவை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து கை நழுவும் ஒரு போல்ட், தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். முப்பது மீட்டரிலிருந்து விழுந்தால் 85 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஹெல்மெட்டின் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ளே ஒரு பட்டி வலை இருக்கும். அந்த இடைவெளிதான் அடியை வாங்கிக்கொள்கிறது. அதற்குள் துண்டையோ பீடிக் கட்டையோ செல்போனையோ செருகினால் அடி நேராக மண்டையில் இறங்கும். காற்று வர வேண்டும் என்று ஓட்டையும் போடாதீர்கள். காற்றுத் துளையோடு வரும் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

ஹெல்மெட், ஷூ, கையுறைக்கெல்லாம் கூலில பிடிக்கிறாங்க. அது சரியா?

சரியில்லை. கட்டுமான வேலைக்கென்றே 1988இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 167ஆம் எண் உடன்படிக்கை, பாதுகாப்புச் சாதனங்களைத் தொழிலாளியிடம் காசு வாங்காமல் முதலாளிதான் தர வேண்டும், அவரேதான் பராமரிக்கவும் வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையை ஏற்காத பல நாடுகளின் சட்டமும் இதையேதான் சொல்கிறது. கூலிச் சீட்டில் இப்படிப் பிடித்தம் இருந்தால் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சிமெண்ட் பட்டு கையெல்லாம் வெடிக்குது. எண்ணெய் தடவினா சரியாப் போயிடுமா?

எண்ணெய் வறட்சியைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் உங்கள் கையில் நடப்பது வெறும் வறட்சி இல்லை. தண்ணீர் சேர்ந்த சிமெண்ட் கடுமையான காரம், அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் அது 12க்கும் 13க்கும் இடையில் இருக்கும். தோலின் இயல்பான அளவு 5, 6 வாக்கில்தான். ஈரக் கலவை தோலில் தங்கத் தங்க அது தோலைக் கரைத்துக்கொண்டே போகும். கெடுதல் என்னவென்றால், ஆரம்பத்தில் வலியே தெரியாது.

ஒரு தளம் போட்ட நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவனின் ரப்பர் பூட்ஸுக்குள் மேல்பக்கமாகக் கான்கிரீட் வழிந்து இறங்கியிருக்கிறது. “ஊத்துறதை முடிச்சிட்டுக் கழுவிக்கலாம்” என்று நான்கு மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறான். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியபோது சாக்ஸோடு சேர்ந்து கணுக்கால் தோலும் உரிந்து வந்தது. அடியில் சதை வெள்ளையாக, வெந்த மாதிரி இருந்தது. “எரியவே இல்லக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கால் ஆற மாதக்கணக்கில் ஆனது. முட்டி போட்டுத் தளம் தேய்ப்பவர்களுக்கு இதே காயம் முழங்காலில் வரும்.

ஈரக் கலவை உள்ளே போனால் வேலை எந்த நிலையில் இருந்தாலும் பூட்ஸையும் துணியையும் உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கரணை கழுவிய வாளித் தண்ணீரில் கை கழுவாதீர்கள், அதுவும் சிமெண்ட் தண்ணீர்தான். மண்ணெண்ணெய், தின்னர் போட்டும் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். கையுறை ரப்பர் அல்லது நைட்ரைலாக இருக்கட்டும். துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும்.

கழுவிட்டுத்தான் இருக்கேன். ஆனாலும் சிமெண்ட் பக்கம் போனாலே அரிக்குது, கொப்பளம் வருது. ஏன்?

இது முந்தைய பதிலில் சொன்ன காயத்திலிருந்து வேறு. சிமெண்ட்டில் குரோமியம் கொஞ்சம் இருக்கும். பல வருடம் பழகிய பிறகு திடீரென்று ஒருநாள் உடம்பு அதை ஏற்க மறுத்துவிடும். அப்படி ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். அடுத்த முறை மிகக் கொஞ்சம் பட்டாலே போதும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலிருந்து சிமெண்ட்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தோல் மருத்துவரிடம் போகும்போது “கொத்து வேலை பார்க்கிறேன்” என்று கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் படர்தாமரை என்று களிம்பு எழுதிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

தூசிக்கு கர்ச்சீப் கட்டிக்கிறேன். போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். நுரையீரலின் அடி வரை போய் உட்காருவது கண்ணுக்கே தெரியாத சிலிக்கா தூள். மணல், கருங்கல், கான்கிரீட், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் உரசும்போதும் பறக்கிறது. துணியின் இழைகளுக்கு நடுவே அது சுலபமாகப் புகுந்துவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயும் இதனால்தான் வருகிறது. அதைக் குணமாக்க மருந்து இல்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930களின் தொடக்கத்தில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். சிலிக்கா நிறைந்த பாறையைத் தண்ணீர் விடாமல் துளைத்ததில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் சிலிக்கோசிஸால் செத்துப்போனார்கள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்றும் நான் முதலில் கேட்பது அந்தத் தண்ணீரைத்தான்: கட்டிங் மெஷினில் தண்ணீர்க் குழாய் மாட்டுங்கள், பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு மேல்தான் முகமூடி. அதுவும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வகைக்குக் குறையாமல், முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

வெயில்ல எவ்வளவு தண்ணி குடிக்கணும்? தாகம் எடுக்கும்போது குடிச்சாப் போதும்தானே?

தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே காய ஆரம்பித்திருக்கும். கடும் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது சுமார் கால் லிட்டர் குடியுங்கள். மொத்தமாக ஒரே மூச்சில் குடிப்பது பலன் தராது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டுவதும் கெடுதல், இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கும், நோயில் கிடந்தோ ஊருக்குப் போயோ திரும்பியவர்களுக்கும் ஆபத்து அதிகம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூட்டுவது என்பது பல நாடுகளில் சொல்லப்படும் கணக்கு. மேஸ்திரிகளே, புதுப் பையன் சுணங்குகிறான் என்று முதல் நாளே விரட்டாதீர்கள்.

ஒருவர் சம்பந்தம் இல்லாமல் பேசினால், நாக்குக் குழறினால், தள்ளாடினால் அது வெயில் அதிர்ச்சி. வியர்வை நின்றால்தான் அது என்று காத்திருக்க வேண்டாம். வியர்வை கொட்டும்போதும் வரும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பாத்ரூம் போக வசதியே இல்லக்கா. அதனால காலைல இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. தப்பா?

இதைப் பெண்கள் என்னிடம் காதோடு கேட்பார்கள். நானும் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். இரண்டு முறை சிறுநீரகத் தொற்று வந்து, முதுகு விண்விண்ணென்று தெறிக்கச் சட்டி சுமந்தேன். தப்பு உங்களுடையது இல்லை. ஆனால் உடம்பு உங்களுடையது. முந்தைய பதிலில் சொன்ன தண்ணீர்க் கணக்கு உங்களுக்கும் அதேதான். தண்ணீரைக் குறைத்தால் தொற்றும் வரும், வெயிலில் மயக்கமும் வரும், நாளடைவில் சிறுநீரகமும் கெடும்.

மேலே சொன்ன 167ஆம் எண் உடன்படிக்கையே சைட்டில் குடிதண்ணீரும், கழிப்பறையும், கழுவும் வசதியும் இருக்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது. தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர், மாதவிடாய்த் துணி போட மூடியுள்ள தொட்டி என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “வசதி பண்ணிக் கொடுங்க” என்று பொதுவாகக் கேட்டால் நாலு தகரத்தை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மாசமா இருக்கேன். சொன்னா வேலைக்கு வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் நம்பிக்கையான ஒருவரிடமாவது சீக்கிரம் சொல்லுங்கள். பாரம் தூக்குவது, உச்சி வெயில், அதிரும் மெஷின், பெயிண்ட் தின்னர் வாடை, பழைய பெயிண்ட் சுரண்டும்போது பறக்கும் ஈயத் தூசி, இவற்றிலிருந்து விலக வேண்டும். 2000ஆம் வருடத்து 183ஆம் எண் உடன்படிக்கை, தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதலான வேலையைக் கர்ப்பிணியிடம் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது; கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் தடுக்கிறது. பொருள் கணக்கு எழுதுவது, கியூரிங் தண்ணீர் விடுவது (புதுக் கான்கிரீட் காயாமல் நனைப்பது) மாதிரி மாற்று வேலையை நீங்களே பெயர் சொல்லிக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

ஒரு மூட்டை 50 கிலோ. இடுப்புக்கு பெல்ட் கட்டிட்டுத் தூக்கினா பாதுகாப்புதானே?

இடுப்பு பெல்ட் ஆரோக்கியமாக இருப்பவருக்கு முதுகு அடிபடாமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல் ஆராய்ந்து சொன்னது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடத் தூக்குவதுதான் நடக்கும். பல நாடுகளில் சிமெண்ட் மூட்டையையே 25 கிலோவாகக் குறைத்திருக்கிறார்கள். அப்படிக் கிடைக்காத இடத்தில் தள்ளுவண்டி, அல்லது இரண்டு பேர். முதுகைத் திருப்பிக்கொண்டே தூக்காதீர்கள்; காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள்.

சாரம் லேசா ஆடுது. மேல ஏறலாமா?

ஏறும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கீழே கால்கள் உறுதியான பலகை மேல் நிற்கின்றனவா, செங்கல் துண்டின் மேல் நிற்கின்றனவா? குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவா? சாரத்தைச் சுவரோடு பிடித்து வைக்கும் கட்டுகள் எல்லா மட்டத்திலும் இருக்கின்றனவா? பலகை இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்கிறதா, நடுவில் சந்து இருக்கிறதா? இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பியும் கால் பக்கத்தில் தடுப்புப் பலகையும் இருக்கின்றனவா?

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுவரோடு பிடிக்கும் அந்தக் கட்டுதான். பூச்சு வேலைக்காரர் ஒருவர் தன் கைக்கு இடைஞ்சல் என்று ஒரு கட்டைக் கழற்றுவார். அடுத்த நாள் பெயிண்டர் இன்னொன்றை எடுப்பார். இருவரும் ஒன்றுதான் எடுத்தோம் என்று நினைத்திருப்பார்கள். மேலே பச்சை வலையும் கட்டியிருந்தால் காற்று அதைப் பாய்மரம் மாதிரித் தள்ளும். சாரம் கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. ஆடினால் ஏறாதீர்கள், அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மழைக்கும் பெருங்காற்றுக்கும் பிறகு புதிதாகச் சோதிக்க வேண்டும்.

பெல்ட் போடச் சொல்றாங்க. எங்க மாட்டுறதுன்னு யாரும் சொல்றதில்ல.

உயரத்தில் விழாமல் இருக்கப் போடும் பெல்ட்டின் கயிற்றை மாட்ட வேண்டியது தலைக்கு மேலே, அசையாத, உங்கள் எடையைப் போலப் பல மடங்கு தாங்கும் இடத்தில். தண்ணீர்க் குழாயிலும் சாரத்தின் கைப்பிடிக் கம்பியிலும் மாட்டாதீர்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது முதுகெலும்பை ஒடிக்கும். தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்ந்த முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிந்து நீள்வது சுமார் 1.2 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். கொஞ்சம் மிச்சத்துக்கு 1 மீட்டர். ஆக மாட்டிய இடத்துக்குக் கீழே 5.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நான்கு மீட்டர் உயரத் தளத்தில் நின்று, கால் மட்டத்தில் மாட்டியிருந்தால் பெல்ட் இழுத்துப் பிடிக்கும் முன்பே தரையில் விழுந்துவிடுவீர்கள். அதையே தலைக்கு மேல் மாட்டினால் தப்பலாம். விழுந்து தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும். தொடைப் பட்டி இறுகி இரத்தம் காலிலேயே தங்கி, அடிபடாதவர்கூட இறந்துபோகலாம். எப்படி இறக்குவது என்று முன்பே பேசி வைக்காமல் பெல்ட்டை மட்டும் கொடுப்பது பாதி வேலை.

என்னைக் கேட்டால் பெல்ட்டுக்கு முன் கைப்பிடித் தடுப்பு, அதற்கடுத்து வலை. சான்பிரான்சிஸ்கோவில் 1930களில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் விரித்த வலை 19 பேரை உயிரோடு பிடித்தது. வலையை யாரும் மாட்ட மறக்க முடியாது.

மெஷின் ஓட்டிட்டு வந்தா ராத்திரி காதுல ‘கொய்ங்’னு சத்தம். தானாப் போயிடும்ல?

இன்றைக்குப் போய்விடும். ஒருநாள் போகாது, அதன் பிறகு காது திரும்பாது. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் எட்டு மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் பக்கத்தில் 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடத்தோடு முடிந்தது. காதடைப்பான் போடுங்கள். அதே மெஷினால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அது நரம்பும் இரத்தக் குழாயும் கெடுவதன் அறிகுறி. ஆள் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள்.

ஒயர்ல டேப் சுத்தியிருக்கு. சும்மா ஓட்டலாமா?

கூடாது. ஈரமான இடத்தில் டேப் காப்பாற்றாது. மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள்.

பள்ளத்துல ரெண்டே நிமிஷ வேலைதான். அதுக்குப் போய் முட்டுக் கொடுக்கணுமா?

ஆமாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, ஒரு காரின் எடை. தலை வெளியே இருந்தாலும் மார்பு வரை மண் இறுக்கிவிட்டால் மூச்சை இழுக்க முடியாது. மண் சரியும்போது ஓட நேரமும் இருக்காது.

ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் முட்டுக் கொடுப்பது, அல்லது கரையைச் சரிவாகவோ படியாகவோ வெட்டுவது, இரண்டில் ஒன்று இல்லாமல் இறங்காதீர்கள். மண் லேசாக இருந்தால் அதற்குக் குறைந்த ஆழத்திலும் வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் கொட்டுங்கள். ஏறி வர ஏணி பக்கத்திலேயே இருக்கட்டும். “நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்பதில் அர்த்தமே இல்லை. ஒரு ராத்திரி மழை போதும். யாராவது புதைந்துவிட்டால் பொக்லைனை வைத்துத் தோண்டாதீர்கள், காப்பாற்ற உடனே குதிக்கவும் குதிக்காதீர்கள். இரண்டாவது சரிவு அவரையும் உங்களையும் சேர்த்து மூடும்.

சென்ட்ரிங்கை சீக்கிரம் பிரிக்கச் சொல்றார் மேஸ்திரி. கான்கிரீட் கெட்டியாத்தானே இருக்கு?

சென்ட்ரிங் என்பது ஊற்றிய கான்கிரீட் பலம் பெறும்வரை அதைத் தாங்கி நிற்கும் பலகையும் முட்டும். கெட்டியாவது வேறு, பலம் பெறுவது வேறு. மேலே தட்டினால் டங்கென்று கேட்கும். ஆனால் சாதாரண சிமெண்ட்டில் ஏழாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வரும். 28 நாளில்தான் கணக்குப் போட்ட பலம். குளிரில் இன்னும் தாமதமாகும்.

1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்ட் என்ற ஊரில் ஒரு மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட்டில் மாட்டியிருந்த சாரத்தின் மேல் அடுத்த அடுக்குக்கான வேலை நடந்தது. அது பலம் பெறவில்லை. பிய்த்துக்கொண்டு சுற்றிலும் சரிந்து 51 பேர் இறந்தார்கள்.

முட்டுகளை எப்போது எடுப்பது என்பதை மேஸ்திரியும் நீங்களும் முடிவுசெய்யக் கூடாது. அந்தத் தளத்துக்குப் பொறுப்பான பொறியாளர் எழுதித் தர வேண்டும். “இன்ஜினீயர் கையெழுத்து வந்தா இப்பவே பிரிச்சிடுறோம்ணே” என்று சொல்லுங்கள். மேஸ்திரிக்கும் அதுதான் பாதுகாப்பு.

கையில சின்ன ஆணி குத்தினதுக்கெல்லாம் போய்ச் சொல்லணுமா?

சொல்லுங்கள். துருப்பிடித்ததோ புது ஆணியோ, மண்ணில் கிடந்தது ஆழமாகக் குத்தினால் டெட்டனஸ் வரலாம். அதோடு, அன்றைய தேதியில் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால்தான் பத்து நாள் கழித்துக் கை வீங்கும்போது வேலையில் பட்டது என்று காட்ட முடியும்.

கூலி ரெண்டு மாசம் பாக்கி. எழுத்துல எதுவும் இல்ல. என்ன பண்றது?

எழுத்தை நீங்களே இன்றிலிருந்து உண்டாக்குங்கள். ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, எந்த சைட், என்ன வேலை, வந்த நேரம், போன நேரம், கூட யார் இருந்தார், வாங்கிய முன்பணம். தினமும் எழுத வேண்டும். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும். எங்கள் சைட்டில் ஒரு கம்பி வேலைக்காரர் பழைய பள்ளி நோட்டில் இப்படி எழுதி வைத்திருந்தார். சிமெண்ட் விரல் ரேகை பக்கத்துக்குப் பக்கம் பதிந்திருந்தது. பஞ்சாயத்து வந்தபோது ஒப்பந்தக்காரரிடம் ஒரு தாள்கூட இல்லை, இவரிடம் முழு நோட்டு இருந்தது. பணம் வந்தது.

முதல் பதிலில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒப்பந்தக்காரர் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பது, கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்று என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆபத்துன்னு தெரியுது. ஏற மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேலை இருக்காது. நீங்க என்ன பண்ணுவீங்க?

மிகவும் கஷ்டமான கேள்வி. 167ஆம் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, உயிருக்கு உடனடியான பெரிய ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. அப்படி விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981இன் 155ஆம் உடன்படிக்கையும் சொல்கிறது. ஆனால் தினக்கூலிக்காரரை யாரும் நீக்குவதில்லை, நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். அதை நானும் அனுபவித்திருக்கிறேன்.

அதனால் சொல்லும் விதத்தை யோசியுங்கள். “ஏற மாட்டேன்” என்பதை விட, “மேலே ரெண்டு கட்டு இல்லண்ணே, கட்டிக் கொடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சிடுவோம், அதுவரை கீழ கலவை போடுறோம்” என்று குறையையும் தீர்வையும் மாற்று வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லாதீர்கள், குழுவாகச் சொல்லுங்கள். அந்தக் குறையைப் போட்டோ எடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஏறச் சொன்னால், ஒருநாள் கூலி போனாலும் நான் ஏற மாட்டேன். நான் ஏறாமல் திரும்பிய நாட்களில் வீட்டில் கஷ்டம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கூட வேலை பாத்தவன் என் கண்ணு முன்னாடி விழுந்து செத்துட்டான். தூக்கமே வரலக்கா. திரும்ப அதே சாரத்துல ஏறணும்.

நாளைக்கே ஏற வேண்டாம். மேஸ்திரியிடம் கீழ் வேலை கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காகக் கேட்கட்டும். கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருவது, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, “நான் பிடிச்சிருக்கலாமே” என்று அரிப்பது எல்லாம் இப்படிப் பார்த்தவர்களுக்கு வரும். குடித்தால் அன்றைய ராத்திரி போகும், ஆனால் மறுநாள் உயரத்தில் கை நடுங்கும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். எலும்பு முறிந்தால் போகிற மாதிரியே போங்கள்.

எனக்கு இது நடந்தபோது பதினொரு நாள் கழித்துத்தான் அந்தப் பக்கம் போனேன். வயதான கொத்தனார் ஒருவர் கூட வந்தார். அவர் எதுவும் பேசவில்லை. கீழே இருந்தே ஒவ்வொரு பலகையாக என்னை எண்ணச் சொன்னார், ஒவ்வொரு கட்டாகக் காட்டச் சொன்னார். ஒரு கட்டு இல்லாததை நான்தான் கண்டுபிடித்தேன். அதைக் கட்டி முடிக்கும் வரை இருவரும் கீழேயே நின்றோம்.